தோற்பார்கள் என்று சொன்ன அப்பா

அத்தியாயம் 14

"நாளைக்கு ரேடியோவுல நம்ம பையன் டீம் தோத்துடும்னு சொல்லிடு" என்று நோரீன் கேட்ட இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.  வெண்டல் பாத்திரம் துடைத்த துண்டை அடுப்பின் கைப்பிடியில் தொங்கவிட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

விடிந்த பிறகும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தட்டில் பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியின் மேல் ஊற்றிய சாஸேஜ் இறைச்சிக் குழம்பு ஆறி ஏடு கட்டிவிட்டது. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்து இண்டியானா வானம் ஈரச் சாம்பல் மாதிரிக் கிடந்தது.

மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுவது வெண்டல் பிரூட்டின் வேலை. வேலை போக மிச்ச நேரமெல்லாம், கல்லூரிக் கூடைப்பந்தில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், பெக்கர்ஸ் மில் ஊரின் குட்டி ரேடியோ நிலையத்துக்குப் போன் போட்டு, யாருக்கும் பெயர் தெரியாத மூன்று அணிகள் ஜெயிக்கும் என்றார். மூன்றும் ஜெயித்தன. அதிலிருந்து சனிக்கிழமைக் காலையில் அவருக்கென்று ஒரு நிகழ்ச்சி.

அவர் எண்களை மட்டும் நம்புகிறவர் இல்லை. அணியை ஏற்றிவந்த பஸ் டிரைவரைப் பிடித்து, பையன்கள் வழியில் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று விசாரிப்பார். பழைய ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, எவன் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறான் என்று கவனிப்பார். "பத்தொன்பது வயசுப் பசங்கப்பா. லவ்வர் போனை எடுக்கலைன்னா பந்து கூடைக்குள்ள போகாது" என்று ரேடியோவில் சொல்லுவார். ஊர் சிரித்துக்கொண்டே கேட்கும்.

இந்தக் குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழாகப் போனது. அவர் கை காட்டிய அணிகள் வரிசையாகத் தோற்றன. வெண்டல் பெயர் சொன்னால் அந்த அணி பெட்டியைக் கட்டிவிடலாம் என்று முடிவெட்டும் கடையில் பேசிக்கொண்டார்கள். கேலி ரேடியோ நிலையத்து முதலாளி வரைக்கும் போயிற்று. இன்றோடு நிகழ்ச்சி முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்குத்தான் காரெட்டின் ஆட்டமும்.

காரெட் அவர்களுடைய ஒரே மகன். பக்கத்து ஊர் ஆஷ்பி கல்லூரியில் கடைசி வருஷம். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய் அணியை ஆடவைக்கிறவன் அவன்தான். மதியம் எவன்ஸ்வில் நகரில், கிராஃப்டன் அணியோடு இறுதி ஆட்டம். ஜெயித்தால் அந்தச் சின்னக் கல்லூரி முதல் தடவையாக நாடு முழுக்கப் பார்க்கிற பெரிய போட்டிக்குள் நுழையும். தோற்றால் காரெட்டின் விளையாட்டு வாழ்க்கையே முடிந்தது. நிகழ்ச்சி தொடங்கிய இந்த மூன்று வருஷத்தில் ஆஷ்பி பற்றி வெண்டல் ரேடியோவில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படி ஒரு நியமம் வைத்திருந்தார்.

நோரீன் காப்பிக் கோப்பையோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"டீம் பசங்களே கேக்கறாங்க, வெண்டல். நீ யார் பேரைச் சொல்றியோ அவங்க தோக்கறாங்க. கிராஃப்டன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பஸ்ல அத்தனை பேரும் சிரிச்சுட்டு நிம்மதியா ஆடப் போவாங்க."

"காரெட் கேட்டானா?"

நோரீன் கரண்டியால் காப்பியைக் கலக்கினாள். "எல்லாரும்தான் கேக்கறாங்க."

வெண்டல் தட்டைத் தள்ளி வைத்தார். வாரம் முழுக்க அவர் அந்த ஆட்டத்தைத்தான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு இறங்கும்போது அந்தப் பழைய உணர்வு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்ததே, அதே மாதிரி, வயிற்றுக்குள் ஏதோ சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

"ஆஷ்பிதான் ஜெயிக்கும், நோரீன். ஆறு பாயிண்ட்ல. இந்த வருஷம் பூரா எனக்கு இப்படித் தோணவே இல்ல. நேத்து தோணிச்சு."

"ஒவ்வொரு வாரமும் இதையேதானே சொல்லிட்டுப் போற."

புண்படுத்த நினைத்து அவள் சொல்லவில்லை. ஆனாலும் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு காரெட் வீட்டுப் பக்கமே வரவில்லை என்றாள். போன் செய்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன், தூங்கினாயா என்றால் தூங்கினேன். பயந்துபோயிருக்கிறான், அவ்வளவுதான், அது தனக்குத் தெரியும் என்றாள்.

"அவனுக்காக நம்மால ஆனது இது ஒண்ணுதான்."

வெண்டல் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விதைக் கடைக்குப் பின்னால் இரண்டே அறைகள். அதுதான் ரேடியோ நிலையம். மெர்ல் காஃப்மன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் என்பதால் டோனட் வாங்கி வைத்திருந்தார். ரொம்ப வருஷத்துச் சிநேகிதர். தனக்கு இதில் சம்மதமே இல்லை, முதலாளி சொல்லிவிட்டார் என்று முனகினார். வெண்டல் பரவாயில்லை என்று கையை ஆட்டினார்.

மற்ற ஆட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். ஊர்க்காரர் இருவர் போனில் வந்து கிண்டல் பண்ணினார்கள். பிறகு மெர்ல் மைக் பக்கம் சாய்ந்தார்.

"மூணு வருஷமா ஆஷ்பி பத்தி நீ வாயே திறக்கல. இன்னிக்கு உன்னை விடறதா இல்ல. சொல்லு, யாரு?"

வெண்டலுக்கு உண்மையான பதில் நாக்கு நுனியில் இருந்தது. இனி இந்த மைக் அவருக்குக் கிடைக்காது. இந்த வருஷத்தில் ஒரே ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பையன்களை நினைத்தார். நோரீன் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்ததை நினைத்தார்.

"கிராஃப்டன்" என்றார். "ஒன்பது பாயிண்ட்ல."

மெர்ல் ஒரு கணம் விழித்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். விஷயம் புரிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கும் புரிந்திருக்கும். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் கேட்கிற கேள்வியைப் பழக்கதோஷத்தில் மெர்ல் கேட்டுவிட்டார்.

"ஏன்?"

ஏன் என்று வெண்டல் யோசித்து வரவில்லை. என்றைக்கும் காரணம் அவரிடம் தயாராக இருக்கும். காரணம் இருந்தால்தான் பேசவே ஆரம்பிப்பார். இன்று எதுவும் இல்லை. ரேடியோவில் மௌனம் நீண்டது. பேசு, பேசு என்று மெர்ல் கையைச் சுழற்றிக் காட்டினார். கைக்குக் கிடைத்ததை எடுத்து வெண்டல் போட்டார்.

"கடைசி அஞ்சு நிமிஷம்தான். பந்தைக் கொண்டு போற பையன் அப்பத் தளர்ந்துடறான். பெரிய ஆட்டத்துல அவன் கை நடுங்கும்."

மெர்லின் சிரிப்பு நின்றது. அவசரமாக ஒரு டிராக்டர் விளம்பரத்தைப் போட்டுவிட்டார்.

 பந்தைக் கொண்டு போகிற பையன் யார் என்று பெக்கர்ஸ் மில்லில் தெரியாத ஆளே கிடையாது. மெர்ல் டோனட் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார். வெண்டல் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கேலியோடு கேலியாகப் போய்விடும், யார் இதையெல்லாம் காதில் வாங்கப் போகிறார்கள் என்று காரில் ஏறும்வரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டில் நோரீன் கம்பளிப் போர்வைகளோடு தயாராக நின்றாள். அவள் ரேடியோ கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டி, "உன் புருஷன் கிராஃப்டன்னு சொல்லிட்டாரு" என்று கத்தியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தானே ஓட்டுவதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்ததும் வெண்டலின் முழங்கைக்கு மேல் தட்டிக் கொடுத்தாள். அவள் அப்படித் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

வழியெல்லாம் அவருக்கு ராஜ மரியாதை. ஆஷ்பியின் பச்சைக் கொடி கட்டிய கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த வருஷத்தில் நீ செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்றார். நோரீன் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது வெண்டலும் சிரித்தார். எவன்ஸ்வில் போய்ச் சேரும்வரை இருவரும் கல்யாணமான புதிதில் மாதிரி பேசிக்கொண்டு போனார்கள்.

அரங்கத்தில் பையன்கள் பந்தைக் கூடையில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது நோரீன் எழுந்து நின்று கையசைத்தாள். வழக்கமாகக் காரெட், அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்துத் தாடையை லேசாக உயர்த்துவான். இன்று அவன் தலையைத் திருப்பவே இல்லை.

"ஆட்டத்துல மனசு போயிடுச்சு. நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

ஆட்டம் வெண்டல் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த மாதிரியே நடந்தது. அதுதான் கொடுமை. ஆஷ்பி பையன்கள் கலகலப்பாக ஆடினார்கள். உயரமான டெரல் கூடைக்கு அடியில் யாரையும் அண்ட விடவில்லை. காரெட் பந்தைக் கொண்டுபோய் அவனுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். தானும் தூரத்திலிருந்து எறிந்தான், உள்ளே போயிற்று. பாதி ஆட்டத்தில் ஆஷ்பி முன்னால். அதற்குப் பிறகும் முன்னால். கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போது எட்டு பாயிண்ட் முன்னால். கிராஃப்டன்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திக் கூடிப் பேசினார்கள். வெண்டல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று உள்ளுக்குள் ஒரு குரல் கூத்தாடிக்கொண்டிருந்தது. சொன்னது நோரீனிடம் மட்டும்தான் என்பது கூட அப்போது நினைவில்லை.

மறுபடி ஆட்டம் தொடங்கியது. காரெட் பந்தைக் கொண்டுவந்தான். அவனுக்கு முன்னால் ஆளே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிகிற தூரம். எறியவில்லை. நின்றான். பந்தைப் பக்கத்தில் இருந்தவனிடம் தள்ளிவிட்டான். அவன் எதிர்பார்க்கவில்லை, கிராஃப்டன் பையன் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

அடுத்த தடவையும் அப்படியே.

மூன்றாவது தடவை ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார். காரெட் காதிலேயே விழாத மாதிரி பந்தை வேறொருவனுக்குத் தள்ளினான். கிராஃப்டன்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். காரெட்டைக் காவல் காப்பதையே விட்டுவிட்டு மற்ற நாலு பேரையும் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். நடு மைதானத்தில் தன்னந்தனியாகப் பந்தோடு நிற்கிற மகனை வெண்டல் பார்த்தார். 

"நோரீன். நான் கேலிக்குச் சொன்னேன்னு அவனுக்குத் தெரியும்ல? நீ சொல்லியிருக்கேல்ல?"

அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அவன்கிட்ட பேசினியா இல்லியா?"

"இல்ல. கடையில டெரலைப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரரைக் கிராஃப்டன் பேரைச் சொல்லச் சொல்லுங்கன்னு சிரிச்சிட்டே சொன்னான். அவ்வளவுதான்."

"பசங்கல்லாம் கேக்கறாங்கன்னு சொன்னியே."

 பதில் சொல்ல நேரம் இல்லை. ஆஷ்பி ஒரு பாயிண்ட் பின்னால். கடைசிப் பந்து. காரெட் கையில். கூடையிலிருந்து பத்தடி தூரத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் நின்றான். அரங்கமே எழுந்து நின்று அவனை எறியச் சொல்லிக் கூச்சலிட்டது. அவன் தலைகுனிந்து ஒரு கணம் தன் கைகளைப் பார்த்தான். பிறகு டெரல் இருந்த பக்கம் பந்தை விட்டான். டெரல் கூடைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான், பந்து வந்ததையே பார்க்கவில்லை. அது அவன் தோளைத் தாண்டிப் போய்க் கிராஃப்டன் கல்லூரி வாத்தியக் குழுவின் பெரிய மேளத்தில் மோதியது.

ஆட்டம் முடிந்த மணி அடித்தது.

நோரீன் போர்வையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே, சிமெண்ட் தாழ்வாரத்தில் பெற்றோர்கள் காத்திருந்தார்கள். யாரும் வெண்டல் பக்கம் வரவில்லை. காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போன ஒரு குடும்பம் அவரைத் தாண்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போயிற்று. பையன்கள் ஒவ்வொருவராகத் தலை ஈரத்தோடு வந்து அம்மா தோளில் சாய்ந்தார்கள். காரெட் கடைசியாக வந்தான். பையைத் தோளில் மாட்டியிருந்தான். அழுதிருக்கவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று வெண்டலுக்குத் தோன்றியது.

"காலைல பஸ்ல ரேடியோ போட்டிருந்தாங்க" என்றான் காரெட். "நீங்க கிராஃப்டன்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

வெண்டல் தலையாட்டினார்.

"அப்புறம் ஏன்னு சொன்னீங்க. யாரும் சிரிக்கல. டிரைவர் ரேடியோவை அணைச்சிட்டாரு. எவன்ஸ்வில் வர்ற வரைக்கும் ஒருத்தன்கூட என்னோட பேசல."

"காரெட், அது சும்மா. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"நீங்க வாய்க்கு வந்ததைச் சொல்லி நான் கேட்டதே இல்லப்பா. சின்ன வயசுலேருந்து பாக்கறேன். ஒரு பையன் நடக்கறதைப் பார்த்தே அவனுக்கு என்ன கோளாறுன்னு சொல்லுவீங்க. சரி, என்கிட்ட ஏதோ பார்த்திருக்கீங்கன்னு நினைச்சேன். எட்டு பாயிண்ட் முன்னால இருக்கும்போதும் அதேதான் நினைச்சிட்டிருந்தேன். எப்ப நடுங்கப் போகுதுன்னு கையையே பார்த்திட்டிருந்தேன்."

"நீ ஜெயிப்பேன்னுதான் நான் நம்பினேன். ஆறு பாயிண்ட்ல. காலைல உங்கம்மாகிட்ட சொன்னேன். கேட்டுப் பாரு."

காரெட் அம்மாவைப் பார்த்தான்.

நோரீன் வாய் திறந்தாள். போர்வையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். யார் கேட்டு அவர் அப்படிச் சொன்னார், பையன்கள் கேட்டார்கள் என்று யார் கதை கட்டினார்கள், எல்லாவற்றையும். தாழ்வாரத்தில் மற்ற அம்மாக்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"விடுங்கப்பா" என்றான் காரெட். "இப்ப என்ன சொல்லி என்ன. நான் பசங்களோட பஸ்லயே போறேன். வீட்டுக்கு வரல. ஈஸ்டருக்கும் வரல."

அவன் போய்விட்டான். வெண்டல் பின்னால் இரண்டடி எடுத்து வைத்துவிட்டு நின்றார். 

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. மெர்ல். தயங்கித் தயங்கித்தான் பேசினார். ரொம்ப வருத்தமாக இருக்கிறது, பையனை நினைத்தால் மனசு கேட்கவில்லை என்றார். ஆனால் முதலாளி கேட்கச் சொன்னாராம். இந்த வருஷம் முழுக்கத் தப்பாகச் சொன்னவர் கடைசி நாளில், தன் சொந்தப் பையன் விஷயத்தில், பாயிண்ட் கணக்கைத் தவிர, கடைசி ஐந்து நிமிஷம் உட்பட அப்படியே சொல்லிவிட்டார் என்று ஊரே பேசுகிறதாம். நிலையத்துக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறதாம். அடுத்த வாரம் பெரிய போட்டி ஆரம்பிக்கிறதே, தினமும் காலையில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார்.

மெர்ல் பேசிக்கொண்டே இருந்தார். வெண்டல் போனைக் காதிலிருந்து எடுத்து, அணைக்காமலேயே பையில் போட்டார். துணிக்குள்ளிருந்து மெர்லின் குரல் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது.

திரும்பிப் பார்த்தார். நோரீன் இல்லை.

அவர் வேகமாக வெளியே வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வண்டிகள் நிறுத்தும் இடத்தின் கடைக்கோடியில் ஆஷ்பி அணியின் பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. நோரீன் அதன் மூடிய கதவைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். போர்வை ஈரத் தரையில் கிடந்தது. கதவு திறந்தது. டிரைவர் குனிந்து என்னவோ சொன்னார், பயிற்சியாளரும் எழுந்து வந்து என்னவோ சொன்னார். அவள் எதையும் கேட்காமல் படியேறி உள்ளே போனாள்.

வெண்டல் ஓட ஆரம்பித்தார். பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கியது.

கண்ணாடி ஜன்னல் வழியாக அவளைப் பார்க்க முடிந்தது. இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் காரெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். நோரீனின் வாய் அசைந்தது. நீளமாக, நிறுத்தாமல் அசைந்தது. முன் இருக்கைகளில் இருந்த பையன்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

காரெட்டின் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அவன் என்ன கேட்டான் என்று வெண்டலுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்றும் தெரியவில்லை.

பஸ் நகர்ந்தது. கதவு மூடியிருந்தது. நோரீன் இன்னும் உள்ளேதான் இருந்தாள்.

வெண்டல் கையைத் தூக்கினார். டிரைவர் பார்க்கவில்லை. பார்த்தும் நிறுத்தவில்லையோ என்னவோ. வண்டி சாலையில் ஏறி வடக்கே திரும்பி, மற்ற வண்டிகளோடு கலந்து மறைந்தது.

அவர் ஈரப் போர்வையை எடுத்து உதறினார். கார் இருந்த இடத்துக்கு நடந்து போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் உறைத்தது. சாவி நோரீனின் கைப்பையில் இருந்தது.